சிறுகதை ஒன்று நிலுவையில் இருப்பது தொடர்பாக

அனுப்புநர்: நீலகிரி மாவட்டத்தில் ஒரு துணை மின் நிலையத்தில் இரவுப் பணி பார்த்துவிட்டு, பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் கதை எழுதும் ஒருவன்.

பெறுநர்: ஆசிரியர் குழு, நாகரிகம் கருதிப் பெயர் குறிப்பிடப்படாத ஓர் இணைய இதழ்.

பொருள்: அறிவியல் புனைகதை – சிறுகதை அனுப்பியது – பதில் வராதது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 'படைப்புகள் அனுப்ப' பக்கம். 2. தங்கள் தானியங்கி மின்னஞ்சல். 3. அதன் பிறகு தங்களிடமிருந்து வராத அனைத்துக் கடிதங்களும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், அடியேன் தங்கள் இதழுக்கு ஓர் அறிவியல் சிறுகதை அனுப்பினேன். அனுப்பிய நொடியிலேயே பதில் வந்தது. கோப்பைத் திறக்கக்கூட நேரமிருந்திருக்காது. அதற்குள் 'உங்கள் படைப்பு ஆசிரியர் குழுவின் பரிசீலனையில் உள்ளது' என்றது மின்னஞ்சல். ஒளியை முந்தும் பரிசீலனை! அறிவியல் புனைகதைக்கென்றே பிறந்த இதழ் என்று பூரித்துப்போனேன். அதே மின்னஞ்சலின் கடைசி இரண்டு வரிகள் இவை: மூன்று மாதங்களுக்குள் பதில் வராவிட்டால் படைப்பு ஏற்கப்படவில்லை என்று கொள்ளவும். இடையில் விசாரிப்பதைத் தவிர்க்கவும்.

மூன்று மாதம் போயிற்று. ஏற்கப்படவில்லை என்று கொண்டேன். இந்த நேரத்தில்தான் என் நண்பர் ஒருவருக்கு உங்களிடமிருந்து கடிதம் வந்தது. அவர் உங்களுக்குக் கதை அனுப்பியதையே மறந்து, அதைத் தன் தொகுப்பில் சேர்த்து அச்சிட்டு, விற்காத பிரதிகளை உறவுக்காரர்களின் கல்யாணங்களில் அன்பளிப்பாகக் கொடுத்துத் தீர்த்திருந்தார். 'தேர்வாகியுள்ளது, வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தீர்கள். ஆக, உங்கள் மௌனத்தை நிராகரிப்பு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இடத்தில் ஷ்ரோடிங்கரின் பூனையை இழுக்கலாம்தான். வேண்டாம். அந்தப் பூனை வரும் கதைகளை நீங்கள் இதழுக்கு இதழ் போட்டுவரும் வேகத்தில், அது பெட்டிக்குள்ளேயே குட்டி போட்டிருக்கும்.

விதிமுறைகள் மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது. விதிமுறைகளால்தான் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். மின்சாரத்தை நிறுத்தியதற்கான 'லைன் கிளியர்' வாங்காமல் கம்பியில் கை வைத்தவர்களைப் பற்றி எங்கள் துறையில் கதை கதையாகச் சொல்வார்கள். ஆகவே வேர்ட் கோப்பு என்றீர்கள், வேர்டில் அனுப்பினேன். யூனிகோட் என்றீர்கள், பாமினி எழுத்துருவில் பழகிய விரல்களைத் திருத்திக்கொண்டேன். தன்விவரம் ஐம்பது சொற்களில், படர்க்கையில் வேண்டும் என்றீர்கள். 'இவர் நீலகிரியில் வசிக்கிறார், இயற்கையை நேசிக்கிறார்' என்று என்னைப் பற்றி நானே மூன்றாம் மனிதரைப் போல எழுதினேன். புகைப்படம் செவ்வகமாக இருக்க வேண்டும் என்றீர்கள், பக்கத்தில் நின்ற மைத்துனரை வெட்டிவிட்டு அனுப்பினேன். 3,000 சொற்களுக்கு மிகாமல் என்றீர்கள். கொஞ்சம் மிகுந்தது. 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதியதையெல்லாம் சேர்த்து எழுதினேன், கதை ஒரு வரிகூடக் குறையாமல் வரம்புக்குள் வந்துவிட்டது.

ஒரே ஒரு விதிதான் தொண்டையில் நிற்கிறது. 'எங்கள் பரிசீலனையில் இருக்கும் படைப்பை வேறு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது.' பெண் பார்க்க வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று எழுந்துபோன மாப்பிள்ளை வீட்டார் கடிதமும் போடாமல், அதுவரை வேறு வரன் பார்க்கக் கூடாது என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. பெண்ணுக்கு வயதாகிறது, ஐயா. அறிவியல் கதைக்கு அதைவிட வேகமாக வயதாகும். நான் எதிர்காலம் என்று எழுதி வைத்தது ஒவ்வொன்றாகக் கடையில் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவின் உதவியின்றி எழுதியதாக உறுதிமொழியும் கேட்டீர்கள். கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினேன். இந்தக் கவலை நியாயமானதுதான். அமெரிக்காவின் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' இதழுக்கு 2023 பிப்ரவரியில் இருபது நாளைக்குள் இயந்திரம் எழுதிய கதைகள் 500க்கு மேல் வந்து குவிந்தன. ஆசிரியர் நீல் கிளார்க் கதை வாங்கும் வாசலையே சில வாரங்கள் மூட வேண்டியதாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை இலக்கிய தாகத்தால் வந்தவை அல்ல. 'கதை எழுதிச் சம்பாதிக்கலாம்' என்று காணொளிகளில் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு வந்தவை. ஏனென்றால் அந்த இதழ் அப்போது ஒரு சொல்லுக்கு 12 சென்ட் கொடுத்துவந்தது. 3,000 சொல் கதைக்கு 360 டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 30,000 ரூபாய். அந்த ஆபத்து உங்களுக்கு அணுவளவும் இல்லை. சன்மானமாக நீங்கள் தருவது 'வாசகர்களின் அன்பு' என்று விதிமுறையிலேயே போட்டிருக்கிறீர்கள். அன்புக்காகக் கதை தயாரிக்கும் இயந்திரத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. போகட்டும், உறுதிமொழி கேட்ட அதே பக்கத்தின் உச்சியில் ஒரு விண்வெளி வீராங்கனையின் படம் போட்டிருக்கிறீர்களே, அந்த அம்மாவின் இடது கையில் ஆறு விரல் இருக்கிறது. ஓவியரிடமும் ஓர் உறுதிமொழி வாங்கியிருக்கலாம்.

காசு நான் கேட்கவில்லை. தமிழில் சிறுகதை எழுதி அரிசி வாங்கிவிடலாம் என்று நம்பும் அளவுக்கு என் புனைவுத்திறன் வளரவில்லை. நான் கேட்பது பதில். அதே கிளார்க்ஸ்வேர்ல்ட், வேண்டாத கதையைப் பெரும்பாலும் சில நாளிலேயே திருப்பி அனுப்பிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி நாலு வரிதான். ஆனாலும் 'இல்லை' என்று சொல்லிவிடும், நாமும் கோப்பைத் தூசி தட்டி அடுத்த வாசலுக்குக் கொண்டுபோகலாம். நம் ஊர் அச்சு இதழ்கள் மட்டும் என்ன குறைச்சல்? ஒரு காலத்தில் தபால்தலை ஒட்டிய சுய விலாச உறையை இணைத்து அனுப்பினால், 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற சீட்டோடு கதை வீடு வந்து சேரும். தபால்காரர் வாசலில் நின்று 'கதை திரும்பிடுச்சு சார்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். அவமானம்தான். ஆனால் அவமானம் ஒரு தகவல்.

அரசு அலுவலகத்தைக் கேலி செய்யாத கதை உங்கள் இதழில் வந்ததில்லை. அந்த அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளைக்குள் பதில் தர வேண்டும், மறுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீடு உண்டு. இணைய இதழ் ஆசிரியருக்கு மேல் யாரும் இல்லை. முகநூல் இருக்கிறது. அங்கே முறையிட்டால் 'தோழர், உள்பெட்டிக்கு வாருங்கள்' என்கிறார்கள், போனால் அங்கேயும் பதில் இல்லை.

தொலைவுதான் காரணமோ என்றும் யோசித்துப் பார்த்தேன். 1977-இல் ஏவிய வாயேஜர்-1 விண்கலம் இப்போது சூரியக் குடும்பத்தின் காந்த எல்லைக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. 2023 நவம்பரில் அதன் கணினியில் ஒரு நினைவகச் சில்லு பழுதாகி, அது அனுப்பும் செய்தியெல்லாம் உளறலாக ஆனது. நாசாக்காரர்கள் 2024 மார்ச் 1 அன்று 'அம்மா, நலமா?' என்கிற மாதிரி ஒரு கட்டளை அனுப்பினார்கள். போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், திரும்பி வர அதே அளவு. மார்ச் 3 அன்று பதில் வந்துவிட்டது. 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், நினைவு தப்பிய நிலையில், வயதான காலத்தில். ஏப்ரலில் நிரலை வேறு இடத்துக்கு மாற்றி அதைப் பிழைக்கவும் வைத்துவிட்டார்கள். உங்கள் குழுவில் இருவர் கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வி. எங்கள் மலையிலிருந்து பேருந்தில் இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

இனி கதைக்கு வருகிறேன். நீங்கள் படித்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970-லிருந்து இயங்குகிறது. அதை எங்கு வேண்டுமானாலும் கட்டியிருக்க முடியாது. வடக்குத் தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவு வேண்டும், அந்தச் சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏறக்குறைய 11 பாகை. அப்படி அமைந்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கீழே உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும், மேலே குவேசார். அதே ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்றொரு காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உண்டு. வானிலிருந்து கொட்டும் மியூவான் துகள்களை எண்ணுவது அதன் வேலை. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் தலைக்கு மேலே வந்தபோது எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. அந்தக் குறைவை வைத்து மேகத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். 130 கோடி வோல்ட். 110 கிலோவோல்ட் பலகைக்கு முன்னால் கையுறை போட்டு நிற்கிற எனக்கு இதைப் படித்த அன்று இரவு சோறு இறங்கவில்லை.

என் கதையில் ஒரு துணை மின் நிலைய ஆபரேட்டர். மழைக்காலத்தில் அவருடைய 11 கேவி ஃபீடர் ஒன்று அடிக்கடி ட்ரிப் ஆகிறது. வழக்கம்போல லாக் புக்கில் நேரத்தை எழுதி, 'காரணம்: மரக்கிளை' என்று போடுகிறார். மரமே இல்லாத தடம் அது. ஒரு நாள் பழைய லாக் புக்குகளைப் புரட்டும்போது ட்ரிப் ஆன இடைவெளிகளில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மியூவான் எண்ணிக்கை சரிந்த நேரங்களோடு ஒத்துப் பார்த்தால் பொருந்துகிறது. மேகத்துக்குள் இருந்து எதுவோ ஒரே செய்தியை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் உதவி செயற்பொறியாளருக்கு எழுதுகிறார். உதவி செயற்பொறியாளர் செயற்பொறியாளருக்கு எழுதுகிறார். கடைசியில் மேலிடத்திலிருந்து வரும் உத்தரவு: 'மேற்படி தடத்தில் மரக்கிளைகளை உடனே வெட்டவும்.'

புத்தகக் கண்காட்சியில் உங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்தேன். நந்தனத்தில், மிளகாய் பஜ்ஜிக் கடை முன்னால். விசாரிக்கக் கூடாது என்பது விதி, ஆகவே வணக்கம் மட்டும்தான் சொன்னேன். அவரே ஆரம்பித்தார். 'உங்க கதை நல்லாருக்கு சார். ஆனா அறிவியல் கொஞ்சம் தூக்கலா இருக்கு. நம்ம வாசகர்களுக்குப் படிம மொழிதான் பிடிக்கும்.' சரி என்று பத்தடி நடந்தால் இன்னொருவர். 'வாங்க சார். அந்த மின்சார வாரியக் கதை நீங்கதானே? அதுல சயின்ஸ் ஃபிக்‌ஷன் எங்க சார் இருக்கு? ஒரு ரோபோகூட இல்லையே.' இருவரும் சற்று முன் ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குள் ஒரு முறை பேசிக்கொண்டால் என் கதைக்கு ஒரு விதி எழுதிவிடலாம் என்று தோன்றியது, சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒரு குற்றச்சாட்டும் காதில் விழுந்தது: சுஜாதாவின் சாயல். இதிலிருந்து தப்பித்தவர் தமிழில் யாரும் இல்லை. கதையில் நாய் வந்தால் அவருடைய ஜீனோ. பெண்ணுக்கு நிலா என்று பெயர் வைத்தால் 'என் இனிய இயந்திரா'. ஆணுக்கு இரண்டெழுத்தில் பெயர் வைத்தாலும் அதே நாவல்தான், அதில் குடிமக்களுக்கு இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது. என் ஆபரேட்டருக்குத் துரைசாமி என்று நான்கெழுத்தில் பெயர் வைத்தும் தப்பவில்லை, வாக்கியங்கள் சின்னதாக இருக்கின்றனவாம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டு, வாக்குப்பதிவு இயந்திரத்திலும் கைவைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் வார இதழில் தொடர் எழுதிய மனிதர் அவர். 2008-இல் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் அவர் மாதிரி எழுதவும் கூடாது, அவரைவிடச் சுவாரசியம் குறையவும் கூடாது என்பது உங்கள் எழுதப்படாத விதி. எழுதிவைத்தால் அதற்கும் கட்டுப்படுகிறோம்.

இதற்கெல்லாம் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது உங்கள் அறிவியல் புனைவுச் சிறப்பிதழ். ஆசையோடு திறந்தேன். மூன்று மொழிபெயர்ப்புக் கதைகள். இரண்டு நேர்காணல்கள். ஓர் ஆங்கிலப் படத்துக்கு விமர்சனம். செவ்வாயில் குடியேறிய ஈத்தன் என்பவரைப் பற்றி ஒரு தமிழ்க் கதை. முகப்பில் நீண்ட கட்டுரை, தலைப்பு: 'தமிழில் ஏன் அறிவியல் புனைகதை வளரவில்லை?'

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் மனம் புராணத்தில் ஊறியது என்கிறீர்கள். நமக்கு ஆய்வுக்கூடப் பண்பாடு இல்லை என்கிறீர்கள். ஆனால் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துதான் 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார், இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. குலசேகரப்பட்டினத்தில் பனங்காட்டுக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே ராக்கெட் தளம் வருகிறது. அங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைத்துப் போகாமல் நேராகத் தெற்கே விடலாம் என்பதுதான் காரணம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிற ஊரில் கவுண்ட்-டவுன். இதைவிட ஒரு கதைக்களம் கலிபோர்னியாவில் கிடைக்குமா? எழுதவும் ஆள் இருக்கிறது. ஜெயமோகன் 'விசும்பு' என்று ஒரு தொகுப்பே போட்டிருக்கிறார். 2019-இல் 'அரூ' இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி வைத்தபோது எழுதுவதற்கு ஆட்கள் வரத்தானே செய்தார்கள்? உங்கள் கட்டுரை அலசிய காரணங்களில் ஒன்று மட்டும் விடுபட்டிருக்கிறது: உங்கள் உள்பெட்டி. தமிழில் அறிவியல் புனைகதை வளரவில்லை என்று நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த அதே கணினியில், பக்கத்து ஜன்னலில், அது திறக்கப்படாமல் கிடந்தது.

ஒரு பழைய செய்தி சொல்கிறேன். 1938 ஜூனில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் புரூக்ளினிலிருந்து சுரங்க ரயிலேறி, 'அஸ்டவுண்டிங்' இதழின் அலுவலகத்துக்குத் தன் முதல் கதையை எடுத்துக்கொண்டு போனான். ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். இரண்டு நாளில் கதை திரும்பிவிட்டது. கூடவே, என்ன குறை என்று விளக்கி இரண்டு பக்கக் கடிதம். அந்தப் பையன் ஐசக் அசிமோவ். அந்தக் கதை அச்சேறவே இல்லை, பிரதியும் தொலைந்துபோயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை. அந்த இரண்டு பக்கத்துக்குப் பிறகு அவன் அடுத்த கதையை எழுதினான், அதையும் அவரிடமே கொண்டுபோனான். 1941-இல் 'நைட்ஃபால்' வந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். கேம்ப்பெல் ஒன்றும் உத்தமர் இல்லை. அவருடைய இனவெறிக் கருத்துகள் காரணமாக அவர் பெயரிலிருந்த விருதின் பெயரையே 2019-இல் மாற்றிவிட்டார்கள். ஆனால் வந்த கதையைப் படித்தார். உங்கள் குழுவில் எல்லோரும் உத்தமர்கள்.

ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது: பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று ஒரு வரி. காரணம் தெரிந்தால் இன்னொரு வரி. தெரியாவிட்டால் 'காரணம்: மரக்கிளை' என்று போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் துறையில் அது செல்லும். பதில் எழுத ஆள் இல்லை என்றால் வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது என்ற விதியையாவது எடுத்துவிடுங்கள். இரண்டும் முடியாது என்றால் அடுத்த சிறப்பிதழ் அறிவிப்பில் 'கதைகள் வேண்டாம்' என்று வெளிப்படையாகவே போடுங்கள், பகலில் தூங்கிவிடுகிறேன்.

இத்துடன் புதிதாக ஒரு படைப்பை இணைத்துள்ளேன். பயப்பட வேண்டாம், கதை இல்லை. கட்டுரை. தலைப்பு: 'தமிழில் அறிவியல் புனைகதை: ஏன் இந்த வெற்றிடம்?' வேர்ட் கோப்பு, யூனிகோட், 3,000 சொற்களுக்குள். அறிவியல் ஒரு துளியும் இல்லை. படிம மொழி தாராளமாக இருக்கிறது. வெளிநாட்டு எழுத்தாளர் பெயர்கள் பத்திக்கு மூன்று வீதம் தூவியிருக்கிறேன். தமிழ்ப் பெயர் சுஜாதா மட்டும், அதுவும் குறைகூற. அடுத்த இதழின் முகப்பில் நீங்கள் இதைப் போட்டுவிடுவீர்கள் என்று உறுதியாக நம்புவதால், தன்விவரமும் செவ்வகப் புகைப்படமும் மறுபடி அனுப்பவில்லை. பழையவை உங்களிடமே இருக்கின்றன, கதையோடு இணைத்து அனுப்பியவை. அவற்றை எடுக்கவாவது அந்தக் கோப்பைத் திறப்பீர்கள் அல்லவா?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிலுவையில் உள்ள எழுத்தாளன்.

இணைப்பு: கட்டுரை ஒன்று.